அரைப்பேருக்கு வரையாத, பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

வியாழக்கிழம ராத்திரி நீ போன் கோல் எடுத்து அழுததுலருந்து எனக்கு தூக்கமே சரியில்ல, அப்பா கேட்டாரு என்ன புள்ள பொரண்டு பொரண்டு படுக்குறன்னு, நான் ஒன்னுமில்லன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு நீ கேட்டதுக்கு ஒடனே பதில் சொல்லல, கோவிச்சுக்காத. போன்ல சொன்னா நான் பாதியில தடுமாறிருவேன், அதான் ஒக்காந்து டைப் பண்றேன், பெருசா வந்தா பஸ்ல போறப்ப படி.

நீ சொன்னது ரெண்டு விசயம். ஒன்னு, அந்த கண்காட்சிக்கு படம் அனுப்ப ஒரு பக்கம் எழுதித் தரணுமாம், அதுல நீ இலங்கை ஓவியரா, தமிழ் ஓவியரா, மலையக ஓவியரா, ஒன் அடையாளம் என்னன்னு எழுதச் சொன்னாங்களாம், ஒனக்கு ஒரு வரி கூட வரலன்னு சொன்ன. ரெண்டாவது, ஒரு ஹோட்டல்காரங்க ரிசப்சன்ல மாட்டுறதுக்கு பெருசா ஒரு படம் கேட்டிருக்காங்க, கொழுந்து பறிக்கிற பொம்பள சிரிச்சிக்கிட்டு நிக்கணும், பின்னால மல, பனி, ஒன்றரை லட்சம் தாறாங்க. எடுத்துக்கவா அம்மான்னு கேட்ட. எனக்கு ரெண்டும் ஒரே கேள்வியாத்தான் தெரியுது, ஏன்னு கடைசியில சொல்றேன்.

மொதல்ல அந்த சிரிக்கிற பொம்பளையப் பத்தி பேசுவோம். தேயில பக்கட்டுல பாத்திருக்கோம், கலண்டர்ல, எயாப்போட்ல எல்லாம் பாத்திருக்கோம், வெள்ளக்காரன் காலத்து போஸ்ட்காட்டுலருந்து இன்னைக்கு வரைக்கும் அதே பொம்பளதான். சேல அயன் பண்ணுன மாதிரி இருக்கும், கூட முதுகுல காத்தா தொங்கும், அதுல கொழுந்தே இருக்காது. ஒங்க அம்மாயி அப்புடியா இருந்தாங்க? நீ சின்னப் புள்ளையில அவங்களுக்கு பேன் பாக்குறேன்னு தலைய தடவுவியே, உச்சியில ஒரு பள்ளம் இருக்குமே, கூடக் கயிறு நாப்பது வருசமா அமுக்குன எடம். என்ன அம்மாயி இதுன்னு நீ கேட்டப்ப, அது கயித்துக்கு கட்டுன வீடுன்னு சொன்னாங்க. அந்தப் பள்ளத்த எந்த கலண்டர்லயும் காணல. இடுப்புல கட்டுற சாக்குப் படங்கு, அது நனைஞ்சா என்ன கனம் கனக்கும், அட்ட கடிச்ச கால்ல சவுக்காரத்த தேச்சிக்கிட்டு மல ஏறுறது, மத்தியானம் பச்ச மொளகா சம்பலும் ரொட்டியும் தேயில மரத்தடியிலயே குந்தி சாப்புடுறது, இதெல்லாம் படத்துக்குள்ள வராது. ரோட்டோரமா கூடைய மாட்டிக்கிட்டு டூரிஸ்ட் காரனுக்கு போஸ் குடுக்குற அக்காமாரு இருக்காங்க, அவங்கள நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன், ஒரு போட்டோவுக்கு நூறு எரநூறு கெடைக்குது, மலையில அத சம்பாதிக்க எம்புட்டு கிலோ எடுக்கணும். அவங்க போஸ் குடுக்குறாங்க, சல்லி வாங்குறாங்க, கணக்கு நேரா இருக்கு. வரையிறவ எந்தக் கணக்குல வரையிறாங்கிறதுதான் எனக்கு பிரச்சன.

இப்ப அந்த யூல மாசத்த ஞாபகப்படுத்துறேன். நான் பென்சனுக்கு முந்தி ஒரு கூட்டத்துக்கு கொழும்பு வந்தப்ப நீ என்னைய ஒரு கண்காட்சிக்கு கூட்டிட்டு போனியே, சந்திரகுப்த தேனுவரவோடது. போற வழியில பஸ்ல நின்னுக்கிட்டே நீ சொன்ன, அம்மா இவரு 1997லருந்து ஒவ்வொரு வருசமும் யூலை 23 அன்னைக்குத்தான் கண்காட்சி வைப்பாரு, தமிழருக்கு எதிரா நடந்த 83 கலவரத்த ஞாபகப்படுத்துறதுக்குன்னு. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. காலியில பொறந்த ஒரு சிங்கள மனுசன், மொஸ்கோவுல போயி படம் படிச்சவரு, இங்க வந்து புள்ளைங்களுக்கு சித்திரம் படிப்பிக்க விபவின்னு ஒரு எடத்த 1993ல தொடங்குனவரு, அவருக்கு பேசாம மயிலும் தாமரையும் வரைஞ்சிட்டு போயிருக்கலாமில்ல. அந்த நாள அவரு விடல. படங்கள நான் முழுசா வெளங்கிக்கிட்டேன்னு சொல்ல மாட்டேன், சிலதுக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னேன், சிலத தாண்டிப் போயிட்டேன். ஆனா அந்தத் திகதி எனக்கு வெளங்குச்சு.

ஒனக்கு நான் இத முழுசா சொன்னதில்ல. 83ல எனக்கு 18 வயசு, ஏ எல் படிச்சிக்கிட்டு இருந்தேன். டவுன் பக்கமா புகை கெளம்புதுன்னு சொன்னாங்க, கீழ நாட்டுலருந்து லொறியில ஆளுங்க வாறாங்கன்னு சொன்னாங்க, எது நெசம் எது பொய்னு யாருக்கும் தெரியல. கீழ சிங்கள கிராமத்துலருந்து மரக்கறி கொண்டாந்து விக்கிற ஒரு மனுசன் பொழுதெறங்குறப்ப குறுக்குப் பாதையில ஓடியாந்து, இன்னைக்கு லயத்து வீட்டுல படுக்காதீங்கன்னு சொல்லிட்டு அப்புடியே ஓடிட்டாரு, தண்ணி கூட குடிக்கல. மூணு ராத்திரி தேயிலைக்குள்ளதான் கெடந்தோம். அம்மாயி அவங்க படங்க அவுத்து எங்க நாலு புள்ளைங்க மேல போட்டுட்டு அவங்க மழையில குந்தி இருந்தாங்க. சாக்கு நாத்தமும் கொழுந்து பால் நாத்தமும் சேந்த ஒரு வாசம், இன்னைக்கும் அந்த வாசம் வந்தா எனக்கு தொண்ட அடைக்கும். எங்க லயத்துக்கு யாரும் வரல. ரெண்டு மல தள்ளி வந்தாங்க.

அதனாலதான் அந்த ஹோல்ல நான் அழுதேன், நீ கால் வலிக்குதான்னு கேட்ட. எனக்கு கால் வலியில்ல பாப்பா. அந்த மூணு ராத்திரியப் பத்தி இந்த நாட்டுல வேற யாராவது நெனச்சிக்கிட்டு இருக்காங்களான்னு எனக்கு தெரியாமலே இருந்துச்சு, ஒருத்தர் வருசா வருசம் நெனச்சிருக்காரு, அதுவும் நமக்கு சொந்தமில்லாத ஒருத்தரு.

அப்புறம் அந்த பீப்பாக்கள். நீ சொல்லித்தான் எனக்கு தெரியும், செக்பொயின்ட்ல அடுக்கி வச்சிருந்த தார் பீப்பாவுக்கு பச்சையும் மண்ணிறமும் அடிச்சி வச்சிருப்பாங்கல்ல, அத எடுத்து படமா போட்டு அதுக்கு பெரலிசம்னு ஒரு பேரும் வச்சாருன்னு. பீப்பாவுல என்ன இருக்குன்னு மொதல்ல நெனச்சேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா, நான் அத எத்தன தடவ பாத்திருப்பேன். டிரெய்னிங் காலத்துல கொழும்பு வாறப்ப எல்லாம் பஸ்ஸ நிப்பாட்டி எறக்குவாங்க, ஐடென்டிய காட்டணும், எங்கருந்து வாறீங்க, மஸ்கெலியா, இங்க என்ன வேல, யாரு வீட்டுல தங்குறீங்க. பதில் சொல்றப்ப ஆமிக்காரன் மொகத்த பாக்க பயந்து நான் அந்த பீப்பாவத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். கொஞ்ச நாள்ல அது கண்ணுக்கே தெரியாம போச்சு, ரோட்டுல மரம் நிக்கிற மாதிரி. ஊரே பாத்துப் பழகி பாக்காம போன சாமான ஒரு மனுசன் எடுத்து இந்தா பாருன்னு முன்னால வச்சாரே, அதத்தான் நான் பெரிய வேலன்னு சொல்றேன். நாடு நாடுன்னு பேசுனாங்களே, அந்த நாடு ரோட்டுல பீப்பாவாத்தான் நின்னுச்சு.

சீதுவைக்கு கிட்ட ரத்தொலுவையில காணாமப் போனவங்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்குல்ல, சுவத்துல போட்டோ போட்டோவா, அதையும் அவருதான் செஞ்சு குடுத்தாருன்னு சொன்ன. ஒக்டோபர் 27 வந்தா அம்மாமாரு அங்க பூ கொண்டு போறாங்களாம். அங்க இருக்கிற போட்டோவுல கனக்க சிங்களப் பொடியன்மாரு, 88, 89 ஜேவிபி கிளர்ச்சிக் காலத்துல தூக்கிட்டு போனவங்க. அந்த அம்மாக்களுக்கு அது கலையா இல்லையாங்கிறது முக்கியமில்ல, போயி தொட்டுப் பாக்க ஒரு சுவர் இருக்கு, அதுல புள்ள மொகம் இருக்கு. ஒரு படம் அந்த அளவுக்கு ஒருத்தருக்கு ஒதவுனா போதாதா.

இப்ப ஒன்னைய கேக்குறேன், நம்ம மலையில பீப்பா எது? பாத்துப் பாத்து நம்ம கண்ணுக்கு தெரியாம போனது எது?

எனக்கு தோணுறது ஒரு வார்த்த பாப்பா. பேரு. நம்ம தோட்டத்துல பேருன்னா என்ன? இன்னைக்கு பேரு விழுந்துச்சான்னு கேப்போம். கிலோ பத்தலன்னா அரைப்பேரு. மழையில மல வேலைய நிப்பாட்டிட்டா அரைப்பேரு. அம்மாயி சில நாள் பின்னேரம் வந்து கூடைய எறக்கிட்டு இஸ்தோப்புல குந்தி, இன்னைக்கு அரைப்பேருதான் போட்டான்னு சொல்றப்ப நான் சின்னப் புள்ளையா அவங்க மொகத்த பாப்பேன், எனக்கு அது சம்பளக் கணக்குன்னு அப்ப தெரியாது, அம்மாவுக்கு மூக்காயின்னு முழுப்பேரு இருக்கே, அதுல பாதிய யாரோ எடுத்துட்டாங்கன்னுதான் நெனப்பேன். மூக்குன்னு கூப்புடுவாங்களா ஆயின்னு கூப்புடுவாங்களான்னு கூட யோசிச்சிருக்கேன். வேற எந்த ஊருல ஒரு நாள் கூலிக்கு பேருன்னு பேரு வச்சிருக்காங்க? வேல செஞ்சாத்தான் செக்ரோல்ங்கிற வருகைப் பதிவுல பேரு, கிலோ கொறஞ்சா நீ பாதி ஆளு. அடையாளம் என்னன்னு அவங்க ஒரு பக்கம் கேட்டாங்கல்ல, நம்ம அடையாளம் இந்த வார்த்தைக்குள்ள இருக்கு, நீ எங்கயும் தேட வேணாம்.

நாடு நம்மளுக்கு செஞ்சதும் அரைப்பேருதானே. 1948ல குடியுரிமைச் சட்டம் 18ன்னு ஒன்னு கொண்டாந்து ஏழு லட்சம் சனத்த நாடில்லாதவங்களா ஆக்குனாங்க, அந்த வருசந்தான் சுதந்திரமும் வந்துச்சு. அப்புறம் 1964ல நம்ம பிரதமர் சிறிமா அம்மாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒக்காந்து 9,75,000 பேர கணக்கு போட்டு, அஞ்சேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூணு லட்சம் இங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்த பொறகு பாப்போம்னு வச்சி, அத 1974ல ஆளுக்கு பாதின்னு பிரிச்சாங்க. கொழுந்த மடுவத்துல நிறுத்துப் பிரிக்கிற மாதிரி. ஒங்க சின்னத் தாத்தா, அதான் அம்மாயியோட தம்பி, அந்தப் பிரிவுல போனவருதான். ஹட்டன் ஸ்டேசன்ல ஒப்பாரிக் கோச்சின்னு சொல்ற ரயில்ல ஏத்தி விட்டோம், எனக்கு கொஞ்சம் கொஞ்சம் ஞாபகம் இருக்கு, கோச்சி நவுந்தும் அம்மாயி ஜன்னல் கம்பிய விடல, பிளாட்போம் முடியிற வரைக்கும் கூடவே ஓடுனாங்க. தலைமன்னார் போயி, ராமானுஜம் கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்ல இருந்து, கடைசியில கோத்தகிரி பக்கம் திரும்ப தேயில தோட்டத்துக்கே போயி சேந்தாரு. அங்க அவர சிலோன்காரர்னு கூப்புட்டாங்களாம். இங்க நம்மள இந்தியத் தமிழர்னு பதிஞ்சாங்க. அம்மாயிக்கு மொத ஓட்டு போடுறப்ப அம்பது வயசு தாண்டிருச்சு. வெரல்ல மை வச்சத ரெண்டு நாளா கழுவாம வச்சிருந்தாங்க, சோறு கூட கரண்டியில சாப்புட்டாங்க.

அதுக்காக ஒன்னைய நாட்டு மேல கோவமா வரையின்னு நான் சொல்லல. 2023ல நம்ம சனம் இங்க வந்து 200 வருசம்னு சொல்லி தலைமன்னார்லருந்து மாத்தள வரைக்கும் நடந்தாங்கல்ல, யூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12ல முடிஞ்சிச்சு, அதுல கடைசி ரெண்டு நாள் நானும் நடந்தேன், நீ அப்ப மூட்டு வலியோட எதுக்கும்மான்னு ஏசுன. வெயில்ல நடக்குறப்ப ஒரு வீட்டு வாசல்லருந்து ஒரு சிங்கள அம்மா, என் வயசுதான் இருக்கும், கோப்பையில பிளேன்டி கொண்டாந்து குடுத்தாங்க. அம்மே, ஹெமின் யன்னன்னு சொன்னாங்க, மெதுவா போங்கம்மான்னு அர்த்தம். எதுக்கு நடக்குறீங்கன்னு கேட்டாங்க, எனக்கு தெரிஞ்ச சிங்களத்துல சொன்னேன், எங்க தாத்தா பாட்டி இந்த வழியா காட்டுக்குள்ளால நடந்துதான் வந்தாங்க, வழியிலயே கனக்க பேரு செத்துட்டாங்கன்னு. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் எங்களுக்கு ஸ்கூல்ல இத படிச்சு தரலயேன்னு சொன்னாங்க. நான் டீச்சர், எங்க ஸ்கூல்லயும் நான் படிச்சு குடுக்கலயேன்னு எனக்கு அன்னைக்கு வெக்கமா இருந்துச்சு. மாத்தள வந்து சேருற வரைக்கும் அதேதான் ஓடுச்சு மண்டையில. அந்த அம்மாவுக்கு தெரியாம இருக்குறது அவங்க குத்தமில்ல, சொல்ற எடத்துல இருந்த நம்மளும் சொல்லல. நீ வரையிற படம் அந்த அம்மாவும் நின்னு பாக்குற மாதிரி இருக்கட்டும். அவங்கள தொரத்துற மாதிரி இருந்தா எனக்கு பிடிக்காது.

வெக்கம்னு சொன்னதும் இன்னொன்னும் சொல்லிர்றேன், இத ஒங்க அப்பாகிட்ட கூட சொன்னதில்ல. சித்திரப் பாடத்துல வருசா வருசம் என் வீடுன்னு ஒரு தலைப்பு குடுப்பேன். புள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரி வரைவாங்க, செவப்பு ஓடு போட்ட தனி வீடு, ரெண்டு ஜன்னல், பக்கத்துல ஆறு, ஒரு தென்ன மரம். மஸ்கெலியாவுல தென்ன மரம்! ஒருத்தரும் லயம் வரையல. நான் எண்பது, எண்பத்தஞ்சுன்னு மார்க்ஸ் போட்டு குடுத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வருசம் ஒரு பையன், ஆறாம் வகுப்பு, நீட்டமா ஒரு லயத்த வரைஞ்சு பன்னெண்டு கதவு போட்டிருந்தான், கூரையில தகரம் பறக்காம இருக்க வச்சிருக்கிற கல்லு, டயர் எல்லாம் அப்புடியே இருந்துச்சு, தண்ணிப் பீலிகிட்ட வாளி வரிசை கூட வரைஞ்சிருந்தான். இதுல எது ஒங்க வீடுன்னு கேட்டேன். அவன் பென்சில எடுத்து அஞ்சாவது கதவுல சின்னதா ஒரு புள்ளி வச்சான். நான் என்ன சொன்னேன் தெரியுமா, வீடுன்னா ஒரு வீட்ட பெருசா அழகா வரையணும் ராசா, திருப்பி வரைஞ்சிட்டு வான்னு சொன்னேன். அடுத்த நாள் அவனும் செவப்பு ஓடும் தென்ன மரமும் வரைஞ்சிட்டு வந்தான். அவனுக்கு மார்க்ஸ் போட்டேன். அந்தப் புள்ளி இன்னும் என் கண்ணுக்குள்ள இருக்கு.

நீ ஒரு தடவ யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் சேர் செஞ்ச ஒரு வேலையப் பத்தி சொன்னியே, 2011ல, எடம்பெயந்த எம்பது பேருகிட்ட போயி ஒங்க விட்டுட்டு வந்த வீட்ட ஞாபகத்துலருந்து வரைஞ்சு காட்டுங்கன்னு கேட்டு வாங்கி, அத ஒரு ஆர்கிடெக்ட் பிளான் மாதிரியும் போட வச்சி, அவரும் பக்கத்துல பாஸ்டல்ல வரைஞ்சாருன்னு. முடியாத தோம்புன்னு அதுக்கு பேரு வச்சாருல்ல, தோம்புங்கிறது ஒல்லாந்தன் காலத்து காணிப் பதிவுக்கு சொல்ற பேரு. அத கேட்டப்ப எனக்கு அந்தப் பையன் புள்ளிதான் ஞாபகம் வந்துச்சு. யாழ்ப்பாணத்து ஆளுக்கு தோம்பு முடியாம கெடக்கு, நமக்கு தோம்பே கெடையாதே. பத்துக்கு பன்னெண்டு காம்பராவுல நாலு தலமொற பொறந்து செத்தாச்சு, இன்னும் அந்த காம்பரா கொம்பனி கையிலதான் இருக்கு. கூரைய மாத்தணும்னாலும் ஒப்பீஸ்ல கேக்கணும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தயில லயம் மண்ணுக்குள்ள போனப்ப அந்த சனத்தோட வீட்டுக்கு அங்க என்ன பிளான் இருந்திச்சு, எந்த சுவர் எங்க நின்னுச்சுன்னு அதுக்குள்ள இருந்தவங்க மண்டைக்குள்ள மட்டுந்தானே இருந்திச்சு. நம்ம மவுசாக்கல தண்ணி வத்துறப்ப பழைய மஸ்கெலியா கோயில் வெளிய தெரியுமே, சனமெல்லாம் போயி பாத்துட்டு வருவோமே, அது மாதிரி நம்ம சனத்துக்குள்ளயும் முழுகிப்போன வீடு எம்புட்டோ இருக்கு பாப்பா, யாராவது கேட்டாத்தான் மேல வரும்.

நீ ஒன்னும் மொத ஆளு இல்ல, அதையும் மறந்துராத. ஹட்டன் பக்கத்து ஹனுஷா சோமசுந்தரம் குடிச்சு முடிச்ச டீ பேக்கையும் சாயக் கறையையும் வச்சே நம்ம பொம்பளைங்க கதைய சொன்னாங்க. கலர் வாங்க சல்லி இல்லையேன்னு நீ அழுத நாள்ல அவங்க படத்த போன்ல நீதான் எனக்கு காட்டுன. நம்ம வீட்டுல தேத்தண்ணி வடிச்ச சக்கைய நான் ரோசாப்பூ செடிக்கு போட்டுக்கிட்டு இருந்தேன், ஒரு பொம்பள அத தாள்ல போட்டு ஒலகம் பாக்க வச்சிட்டாங்க. அவங்கள தேடிப்போயி பேசு, கூச்சப்படாத, அக்கான்னு கூப்புட்டா போதும்.

இப்ப கஷ்டமான எடத்துக்கு வாறேன். தேனுவர கிட்ட நான் பாத்தது என்னன்னா, அவரு தன் சனம் செஞ்சத பேசுறாரு. அடுத்த ஆளு செஞ்சத பேசுறது லேசு. நீயும் அந்த மாதிரி செய்யணும்னா நம்ம சனம் செஞ்சதையும் வரையணும். எங்க வகுப்புல ஒம்பதாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு பொம்பளப் புள்ளைங்க திடீர்னு வராம போயிருவாங்க. மேசை காலியா இருக்கும். கேட்டா கொழும்புல ஒரு வீட்டுக்கு வேலைக்கு போயிட்டா டீச்சர்ம்பாங்க. கூட்டிட்டு போன தரகர் யாரு? வெளி ஆளா? நம்ம லயத்து ஆளுதான், நம்ம கோயில்ல காப்பு கட்டுற ஆளுதான். அட்வான்ஸ வாங்குன அப்பன் அந்தச் சல்லிய எங்க குடுத்தான், தவறணையில. நான் ரெண்டு தடவ வீட்டுக்கு போயி பேசுனேன், மூணாவது தடவ போகல. கல்யாணத்துக்கு சாதி பாக்குறதும் கொறையல, பெரியாங்கங்காணி காலம் முடிஞ்சி எம்புட்டு வருசமாச்சு. வெள்ளக்காரன், சிங்களவன், கொம்பனின்னு மட்டும் வரைஞ்சிட்டு இத விட்டா அந்தப் படம் எனக்கு அரைப்பேருதான். இந்தக் காலி மேசைய வரையின்னு ஒரு டீச்சரா ஒன்கிட்ட கேக்குறேன். அதுல நான் போகாத மூணாவது தடவையும் இருக்கட்டும்.

ஹோட்டல் படத்துக்கு வாறேன். எடுக்காதன்னு நான் சொல்ல மாட்டேன், தெஹிவளையில வீட்டு வாடக என்னன்னு எனக்கு தெரியும், நீ மத்தியானம் பணிஸ் சாப்புட்டு இருக்குறதும் தெரியும், போன தடவ வந்தப்ப கழுத்தெலும்பு தெரிஞ்சத பாத்துட்டு அப்பா பின் வாசல்ல போயி நின்னுட்டாரு. ஆனா சிரிக்கிற பொம்பள யாருன்னு ஒன்னைய நீயே கேளு. அப்புடி பேரில்லாத ஒரு பொம்பள நம்ம டிவிசன்ல இல்ல. வரையிறதா இருந்தா ஒரு ஆள வர. அவங்ககிட்ட போயி கேளு, வரையட்டுமா அக்கான்னு. வேணாம்னு சொன்னா விட்டுரு. சரின்னா, அவங்க குந்தி இருக்குற நேரத்துக்கு ஒரு பேருக்கான சல்லிய குடு, ஒன்றரை லட்சத்துல ஒரு பங்க குடு. படத்துக்கு கீழ கொழுந்து பறிக்கும் பெண்ணுன்னு போடாம அவங்க பேர போடு, முழுப்பேர, ஒன் கையெழுத்த விட பெரிய எழுத்துல. ஹோட்டல்காரங்க ஒத்துக்கிட்டா குடு. சிரிக்கணும்னு சொன்னாங்கன்னா, அவங்களுக்கு சிரிப்பு வந்தா சிரிப்பாங்க, நம்ம அக்காமாரு சிரிக்காதவங்களா என்ன, மடுவத்துல கிலோ வெட்டுறப்ப கூட ஒரு பழமொழி சொல்லி சிரிச்சிட்டுதான் வருவாங்க. வந்தா வரட்டும்.

அடையாளம்னு ஒரு பக்கம் கேட்டாங்கல்ல, அதுல எந்தப் பெட்டியில ஒன்னைய போடணும்னு யோசிச்சு மண்டைய ஒடைக்காத. அந்தப் பக்கத்துல ஒன் படத்துல இருக்கிறவங்க பேர எழுது. மூக்காயின்னு அம்மாயி பேர மொதல்ல எழுது. நீ இலங்கையா தமிழா மலையகமான்னு அத படிக்கிறவங்களுக்கு வெளங்கும். ரெண்டும் ஒரே கேள்வின்னு நான் சொன்னது இதத்தான்.

இன்னொரு ஆச இருக்கு. படம் எல்லாம் மொதல்ல கொழும்புல மாட்டாத. இங்க கொண்டா. புது அதிபர்கிட்ட பேசிட்டேன், தீபாவளி லீவுக்கு ஸ்கூல் ஹோல தாறேன்னு சொல்லிட்டாரு, நல்ல மனுசன். சுவத்துல ஆணி அடிக்க வேணாமாம், அதனால துணி காயப்போடுற கயித்த நீட்டுக்கு கட்டி கிளிப்புல மாட்டலாம்னு அப்பா சொல்றாரு, நைலோன் கயிறு வாங்கியும் வச்சிட்டாரு. காலையில ஆள் கணக்கெடுக்குற பிரட்டு முடிஞ்சதும், இல்லாட்டி பின்னேரம் கொழுந்து நிறுத்துட்டு வாறப்ப சனம் வந்து பாக்கட்டும். என்ன சொல்றாங்கன்னு நில்லு, கேளு. கூடக் கயிறு இந்தப் பக்கம் வராதே புள்ளன்னு ஒரு அக்கா சொன்னா, அந்த எடத்துலயே பென்சில எடுத்து திருத்து. கொழும்புல இருக்கிற பெரியவங்க ஒனக்கு கலர், கோடு எல்லாம் சொல்லித் தருவாங்க, கயிறு எந்தப் பக்கம்னு இவங்களுக்குத்தான் தெரியும்.

வாறப்ப விடிய கோச்சியில வா, பஸ்ல வந்தா வட்டவளையில வாந்தி எடுப்ப. ஒனக்கு மிளகாத்தூள் இடிச்சு வச்சிருக்கேன். அப்பாவுக்கு பிரசர் மருந்து அங்க ஒசுசல மருந்துக் கடையில கெடைச்சா ஒரு மாசத்துக்கு வாங்கிட்டு வா, இங்க இல்லன்னு அனுப்பிர்றாங்க. ஹனுஷா அக்காவ ஹட்டன்ல பாக்கணும்னா ஒரு நாள் முந்தியே வா, நான் ஸ்டேசனுக்கு வாறேன், சேந்து போவோம்.

அப்புறம் ஒன்னு. அந்தப் புள்ளி வச்ச பையன் இப்ப கொழும்புல ஒரு துணிக்கடையில நிக்கிறான், அவன் அம்மா இன்னும் அதே அஞ்சாவது காம்பராவுலதான் இருக்கு. நேத்து பின்னேரம் பீலிகிட்ட பாத்தேன். என் மக படம் வரையிறா, தீபாவளிக்கு வாறா, ஒன்னைய வரையச் சொல்லட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, வாளிய கீழ வச்சிட்டு, படங்க அவுத்துட்டு நல்ல சேல உடுத்திக்கிட்டு வரவா டீச்சர், இல்லாட்டி படங்கோடவே நிக்கவான்னு கேட்டுச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மக வந்து சொல்லும்னு சொல்லி வச்சிருக்கேன்.

முத்தங்களோட,
அம்மா